முந்திரிக் கொல்லையில் முந்நூற்று எண்பத்தாறு

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. மீன்சுருட்டி கடைத்தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பெயர் பூவரசன். கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் என் சித்தப்பா மகனுடையது. ஆள் மஸ்கட்டில் இருக்கிறான், சான்றிதழ் மட்டும் இங்கே வேலை பார்க்கிறது. 'டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கேட்காதீர்கள்' என்று ஒரு போர்டும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு நேர் முன்னால்தான் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காய்ச்சல், பேதி, முதுகுவலி என்று வருகிறவர்களுக்கு நானே இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்து, "சாப்புட்டப்புறம் போடுங்க" என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்வேன். அந்தக் கண் சுருக்கலிலேயே பாதி நோய் தீர்ந்துவிடுகிறது என்பது என் பதினான்கு வருஷ அனுபவம்.

இதற்கு மசியாத ஒரே ஆள் வீரம்மாள் அக்கா. எங்கள் ஊர் மீன்சுருட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஒரே தெரு, எதிரெதிர் வீடு. வயது நாற்பத்தேழு. சொந்தமாக ஒன்றரை ஏக்கர் முந்திரிக் கொல்லை. கொட்டை விழுகிற காலத்தில் அடுத்தவர் கொல்லைக்கும் கூலிக்குப் போவாள். புருஷன் மாயவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாட்டைக் காவல் காக்கிற வேலையில் இருக்கிறார்.

ஒரு தடவை மாயவன் மாமாவுக்குக் காய்ச்சல் என்று அக்கா கடைக்கு வந்தாள். வழக்கம்போல நான் இரண்டு வகை மாத்திரையை எடுத்து வைத்தேன்.

"பூவரசு, இது எதுக்கு?"

"காய்ச்சலுக்குக்கா."

"சரி. இந்த மஞ்சக் கலரு?"

"அது சத்துக்கு."

"அந்த ஆளுக்குச் சத்து கொறஞ்சிருக்குன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"பொதுவா காய்ச்சல் வந்தா..."

"பொதுவாவா? பொதுவா எனக்கு ரெண்டு காலு இருக்கு. அதுக்கும் ஒரு மாத்திரை தருவியா? நீ அரை வைத்தியன்கூட இல்லடா, கால் வைத்தியன். இத உள்ள வையி."

கடையில் நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் உள்ளே வைத்தேன். என்ன செய்வது, அவள் சொன்னது உண்மை. மஞ்சள் மாத்திரையில் எனக்கு லாபம் அதிகம், அவ்வளவுதான்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. இருபத்தொன்பது வயதில் அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஐந்து நிமிஷம் பேசினார். "கர்ப்பப்பைல கட்டி இருக்கு. எடுக்கலன்னா கேன்சரா மாறிடும்" என்றார். மாயவன் மாமா நடுங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டார். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாவண்யா என்று ஒரே மகள், அப்போது அது ஒன்றாம் வகுப்பு. இன்னொரு பிள்ளை பெற வேண்டுமென்று அக்காவுக்குக் கொள்ளை ஆசை. மூன்றாம் நாள் கர்ப்பப்பை போய்விட்டது, ஆசையும் கூடவே போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து வேறு எதற்கோ தஞ்சாவூர் போனபோது ஒரு லேடி டாக்டர் அந்தப் பழைய ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இதுக்கா எடுத்தாங்க? மாத்திரையிலயே சரியாயிருக்குமேம்மா" என்று கேட்டாராம். துணைக்குப் போனது என் அம்மா. அங்கே அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். உலை பொங்கி அடுப்பு அணைந்து புகை அடங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை என்று அம்மா சொல்வாள். எனக்கு அந்த நர்சிங் ஹோம் டாக்டர் மேல் இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. நாசமாய்ப் போனவன். ஐந்து நிமிஷத்தில் ஒரு பெண்ணின் வயிற்றைத் துடைத்து எடுத்தான்.

அதற்குப் பிறகுதான் இந்த வீரம்மாள். "காட்டு" என்பாள். "எழுதிக் குடு" என்பாள். "இதச் செய்யலன்னா என்ன ஆவும்?" என்பாள். தன் உடம்புக்குள் எது போனாலும் தனக்குப் புரிந்துதான் போக வேண்டும் என்பது அவள் சட்டம். பதினாறு வருஷமாக அதை யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

டாக்டர்களுக்கு மட்டும்தான் இந்த மரியாதை என்று நினைக்க வேண்டாம். வாஸ்து பார்க்க வந்த ஒருவர், அடுப்படி தப்பான மூலையில் இருப்பதால்தான் வீட்டு ஆண்மகனுக்கு வேலையில் நாட்டமில்லை என்றார். "அடுப்ப மாத்துனா இவரு வேலைக்குப் போவாரா? முத்திரைத்தாள்ல எழுதித் தாங்க, நாளைக்கே இடிச்சுடுறேன்" என்றாள். அவர் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார். சிறுவாச்சூர் கோயிலுக்கு வேன் வைத்துப் போயிருந்தோம். ரோட்டோரத்தில் ஒருவன் சர்க்கரை வியாதிக்கு வேர்ப்பொடி விற்றுக்கொண்டிருந்தான். சுற்றிலும் நல்ல கூட்டம். "நூறு சதம் மூலிகை, பக்க விளைவே கெடையாது" என்று முழங்கினான். அக்கா முன்னால் போய், "தம்பி, இதச் சாப்புட்டவங்க யாராவது ஒருத்தரோட ரத்த டெஸ்ட் சீட்டு, சாப்புடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, காட்டு" என்றாள். அவன் அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கடையை நாலு தப்படி தள்ளிப் போட்டான். அக்கா நாலு தப்படி தள்ளிப் போய் நின்றாள்.

அதே அக்கா, கொரோனா ஊசி வந்தபோது ஊரில் முதலில் போட்டுக்கொண்டாள். நர்ஸம்மாவைக் கால் மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். பதில் திருப்தியானதும் கையை நீட்டிவிட்டாள். ஊர் ஆம்பளைகள், நான் உள்பட, அன்றைக்கு முந்திரிக் கொல்லையில் ஒளிந்திருந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன சித்திரை. டவுனில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் இலவசச் சர்க்கரை நோய் முகாம் போட்டார்கள். முகாம் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை. சித்திரையில் பதினொரு மணி என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் கொல்லையிலிருந்து திரும்புகிற நேரம். விடிகாலையில் போய், கீழே விழுந்த முந்திரிப் பழத்தைப் பொறுக்கி, பழத்தைத் திருகி எறிந்துவிட்டுக் கொட்டையைக் கூடையில் போடுவார்கள். ஆளுக்கு ஆயிரம் பழமாவது கையில் புரளும். முகாம் முடிந்துவிடப் போகிறதே என்று கொட்டைச் சாக்கோடு அப்படியே ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். கூடத்துக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. அது வந்தால்தான் செய்தி.

விரலில் பஞ்சை வைத்துத் துடைத்தார்கள், குத்தினார்கள், மெஷினில் வைத்தார்கள். முப்பத்தொரு பெண்களில் இருபத்தேழு பேருக்குச் சர்க்கரை. இருநூற்று எழுபது, முந்நூற்றுப் பத்து, நானூற்று இரண்டு என்று ஏலம் விடுகிற மாதிரி எண்கள் ஏறின. வீரம்மாள் அக்காவுக்கு முந்நூற்று எண்பத்தாறு. டீக்கடையிலிருந்து நேராக வந்த ஆம்பளைகள் பதினெட்டுப் பேர். அத்தனை பேரும் சுத்தம். மாயவன் மாமாவுக்கு நூற்று நான்கு.

முகாம் டாக்டர் பெயர் சுதர்சன். நல்ல மனிதர்தான். இரண்டு மணி நேரத்தில் ஒரு ஊரையே பார்க்கச் சொன்னால் அவரும் என்ன செய்வார்? மைக்கைப் பிடித்து விளக்கம் சொன்னார். "உங்க ஊர்ல முந்திரி அதிகம். நீங்கள்லாம் முந்திரி நெறைய சாப்புடுறீங்க, அதான் காரணம். ஆம்பளைங்க ஒழைச்சு வேர்வை சிந்துறதால தப்பிச்சுட்டாங்க."

அக்கா எழுந்தாள்.

"சார், முந்திரிப் பருப்ப நாங்க கல்யாணப் பாயாசத்துலதான் பாக்குறோம். அதுவும் பந்தியில முன்னாடி ஒக்காந்தாத்தான். பொறுக்குறது நாங்க, திங்கிறது மெட்ராஸு. அப்புறம் இந்த ஆம்பளைங்க வேர்வைன்னு என்னமோ சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க. கேக்க நல்லாருக்கு."

டாக்டர் சிரித்து மழுப்பினார். பதினைந்து நாளுக்கு இலவச மாத்திரை கொடுத்தார்கள். அரிசிச் சோறு கூடாது என்றார்கள். பதினாறாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அட்டை கொடுத்தார்கள். அக்கா மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், வாயில் போடவில்லை.

நானும் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று அன்று சாயங்காலமே சர்க்கரை மாத்திரை இரண்டு பெட்டிக்குப் போன் போட்டுவிட்டேன்.

அக்கா வீட்டில் அன்றிலிருந்து ரகளை. பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் லாவண்யா போனில் அழுதாள். "முந்நூத்தி எண்பத்தாறும்மா! கண்ணு போயிடும், காலு போயிடும், கிட்னி போயிடும். வீம்பு புடிக்காத!" மாயவன் மாமா டீக்கடைக்கே போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் சரித்திரத்தில் அது நடந்ததே இல்லை.

"வீரம்மா, ஒனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்? போட்டுத் தொலையேன்."

"அன்னிக்கும் இப்புடித்தான் பயந்து கையெழுத்துப் போட்டீங்க" என்றாள்.

அவளுக்கும் பயம் இருந்தது. எனக்குத் தெரியும். அன்று ராத்திரி கடையடைத்துவிட்டு வந்தபோது என்னிடம் மட்டும் கேட்டாள். "நெசமாவே இருந்தா காலு போவுமாடா?" போகும் என்றேன். நம்பாமல் விட்டு அது நிஜமாக இருந்தால் கால் போகும். நம்பி விழுங்கி அது பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்றாம் நாளே பதில் வந்தது.

சிந்தாமணி என்று ஒருத்தி, அக்காவோடு கொல்லைக்குப் போகிறவள். எடை முப்பத்தெட்டு கிலோ இருந்தால் அதிகம். முகாமில் அவளுக்கு நானூற்று இரண்டு. பயத்தில் சோற்றை அடியோடு விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினாள். மூன்றாம் நாள் காலையில் மரத்தடியில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே சாய்ந்துவிட்டாள். பைக்கில் நடுவே உட்கார வைத்து என் கடைக்குத் தூக்கி வந்தார்கள். என் மெஷினில் பார்த்தால் நாற்பத்தெட்டு. நினைவு இருந்ததால் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்ததும் ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். சர்க்கரை நோயாளி என்றவளுக்கு என் கையாலேயே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த அந்த நிமிஷத்தில்தான், இதில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்று என் மரமண்டைக்கும் ஏறியது.

ஊர் அதற்குள் தன் சொந்த வைத்தியத்தில் இறங்கியிருந்தது. புஷ்பவல்லி என்று ஒரு அம்மா, யாருக்குச் சர்க்கரை இருக்கிறதோ அவர்கள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கும் என்று கிளப்பிவிட்டாள். இருபது பெண்கள் கருவேலங்காட்டுப் பக்கம் போய்விட்டு, கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்தார்கள். எறும்பு வரவில்லை. "அப்ப யாருக்கும் ஒண்ணுமில்ல!" என்று ஒரே குதூகலம்.

வீரம்மாள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எறும்பு என்ன எம்.பி.பி.எஸ். படிச்சிருக்கா? படிச்ச டாக்டர் சொன்னதையே நம்பல, எறும்பு சொல்றத நம்பச் சொல்றீங்களா? அதுக்கு இன்னிக்கிப் பசியில்லன்னா?"

அவள் வேறு வழியில் யோசித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு இல்லை என்று பார்த்தாள். முப்பத்தொன்றில் தப்பித்தவர்கள் நாலே பேர். அம்பிகா, அன்றைக்குக் கொல்லைக்குப் போகவில்லை, தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள். புஷ்பவல்லி, விசேஷ வீட்டில் அண்டா குண்டான் விளக்கிவிட்டு வந்தவள். மற்ற இரண்டு பேரும் அன்று வீட்டிலேயே துணி துவைத்தவர்கள். "குளிச்சவளுக்கு இல்ல, தொவைச்சவளுக்கு இல்ல, டீக்கடையில ஒக்காந்தவனுக்கும் இல்ல. கொட்டை திருகுனவளுக்கு மட்டும் இருக்கு. இது ரத்தத்துல இருக்குற சமாச்சாரமாடா?" என்று என்னிடம் கேட்டாள். நான் கண்ணைச் சுருக்கினேன். "கண்ண ஒழுங்கா வையி" என்றாள்.

மறுநாள் கொல்லையில் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனவள் கை பிசுக்கென்று அதில் ஒட்டிக்கொண்டது. முந்திரிப் பழச்சாறு காய்ந்த கை. பாட்டிலில் அவள் விரல் பட்டிருந்த இடத்தில் மட்டும் எறும்பு ஊர்ந்தது. அப்படியே கூடையைக் கீழே வைத்துவிட்டு, பத்துப் பழத்தை முந்தானையில் கட்டிக்கொண்டு, மாமாவையும் இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டாள்.

"பூவரசு, மெஷின எடு. இவருக்கு முகாம்ல எவ்ளோ?"

"நூத்தி நாலு."

"ஏங்க, இந்தப் பத்துப் பழத்தையும் திருகுங்க."

கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் மாமா முதல்முறையாக முந்திரிக்கொட்டை திருகினார். சாறு முழங்கைவரை வழிந்தது. காய விட்டோம். முகாமில் செய்த மாதிரியே ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்துக் குத்தினேன். முந்நூற்று நாற்பத்தொன்று.

மாமா முகம் வெளிறிவிட்டது. "அடியேய், எனக்கும் வந்துடுச்சுடி!"

"இருங்க, சாவ மாட்டீங்க. போயி சோப்பு போட்டுக் கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வாங்க."

கழுவித் துடைத்துவிட்டு வந்தார். வேறு விரலில் குத்தினேன். நூற்று ஒன்பது.

நான் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமா, "பத்து நிமிஷத்துல வந்துட்டுப் போயிடுச்சே" என்று தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். விரலில் ஒட்டியிருந்த பழச் சர்க்கரை ரத்தத் துளியோடு கலந்து மெஷினுக்குள் போயிருக்கிறது. அந்தப் பஞ்சு அதை எடுக்கவே இல்லை. மெஷின் தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது. முந்திரிப் பழத்துக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது.

டாக்டர் சுதர்சனுக்குப் போன் போட்டேன். முழுக்கதையையும் சொன்னேன். "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். இல்லீங்க என்றேன். "ஸ்பிரிட் போட்டுத் தொடச்சாச்சே, அப்பறம் என்ன?" என்று வைத்துவிட்டார்.

அன்று கடையிலேயே இன்னும் மூன்று பெண்களை வரவழைத்துக் கை கழுவ வைத்துப் பார்த்தோம். மூன்று பேருக்கும் நூறு, நூற்றிருபதுதான். அதோடு மெஷினில் வைக்கிற பட்டைச் சீட்டு தீர்ந்துவிட்டது. "அக்கா, ஒனக்குப் பாக்கலையே" என்றேன். "எனக்கு எதுக்குடா, அதான் தெரிஞ்சுபோச்சே" என்றாள். அந்த நர்சிங் ஹோமுக்குப் பிறகு அவள் காட்டு என்று கேட்காமல் ஒன்றை நம்பியது அன்று ஒரு நாள்தான்.

ஊரில் அக்காவுக்கு மாலை போடாத குறை. ஆனால் ஊர் ஊராச்சே, ஓர் அடி இடம் கொடுத்தால் ஒரு காதம் ஓடுமே. இரண்டே நாளில், "சுகர்னு ஒண்ணே கெடையாது, எல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் கட்டிவிட்டது, வீரம்மா கண்டுபுடிச்சுட்டா" என்று பேச்சு மாறியது. அந்த இருபத்தேழு பேரில் வருஷக்கணக்காகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற இரண்டு பெண்கள், வீரம்மாளை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இது காதில் விழுந்ததும் அக்கா பதறிப் போனாள்.

"நான் எப்ப அப்புடிச் சொன்னேன்? மெஷின் தப்பாக் காட்டிச்சுன்னுதான சொன்னேன்? எல்லாரும் கெளம்புங்கடி, நரம்புல ரத்தம் எடுத்துச் சரியாப் பாத்துடுவோம்."

வியாழக்கிழமை இருபத்தேழு பேரையும் அரசு சுகாதார நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். கூட நானும். வாசல் குழாயில் ஒவ்வொருத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். "நரம்புல எடுக்குறதுக்குக் கை கழுவணும்னு இல்லம்மா" என்று நர்ஸ் சொன்னார். "இருக்கட்டும், எங்க ஊரு வழக்கம்" என்றாள் அக்கா.

அடுத்த திங்கட்கிழமை முடிவு வந்தது. இருபத்து நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. சிந்தாமணிக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. அவளுக்கு மருந்தே வேண்டாம், சோறுதான் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மாத்திரையை நிறுத்தியிருந்த அந்த இரண்டு பழைய ஆட்களுக்கு அதிகம், எதிர்பார்த்ததுதான். மூன்றாவது சீட்டில் வீரம்மாள் என்று இருந்தது. வெறும் வயிற்றில் இருநூற்று ஒன்று.

அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். பேர் சரியா என்று பார்த்தாள். வயது சரியா என்று பார்த்தாள். பிறகு வெளியே குழாய்க்குப் போய்க் கையைக் கழுவினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. சோப்பு நுரை வழிய வழியத் தேய்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னொரு தடவ குத்தச் சொல்லுடா" என்றாள்.

குத்தினார்கள். இருநூற்று முப்பது. மூன்று மாதத்துச் சர்க்கரையைச் சேர்த்துச் சொல்கிற டெஸ்ட்டும் எடுத்து அனுப்பினார்கள். அது வர நாலு நாள் ஆனது. ஆறுக்குக் கீழே இருக்க வேண்டியது, ஒன்பது புள்ளி இரண்டு.

அங்கே டாக்டர் மணிமொழி என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். அக்கா எதிரே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது, மாத்திரை உள்ளே போய் என்ன செய்யும், சிந்தாமணி மாதிரி விழுந்துவிடுவேனா, போடாவிட்டால் என்ன ஆகும், எத்தனை வருஷத்தில் ஆகும். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். சிந்தாமணிக்குக் கொடுத்த மாத்திரை வேறு, இது வேறு, இது தனியாகச் சர்க்கரையை அப்படி இறக்காது என்று பெயர் எழுதிக் காட்டினாள். வெளியே வரிசை நீண்டது. நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

கடைசியில் அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு இருபத்தொம்போது வயசுலயே கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கம்மா. எடுக்கவே வேண்டாததாம். இந்தச் சக்கரை அதனால வந்துச்சா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"தெரியலம்மா. சின்ன வயசுல எடுத்தவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வருதுன்னு சில ஆராய்ச்சியில சொல்றாங்க. ஒங்களுக்கு அதனாலதான் வந்துச்சா இல்லையான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா அவங்க பண்ணது தப்பும்மா."

அக்கா அழுதாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. தஞ்சாவூரில் அழாத அழுகை, உலை அணைந்தபோது அழாத அழுகை எல்லாவற்றையும் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். டாக்டர் வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"தெரியாதுன்னு சொன்ன மொத டாக்டரு நீதாம்மா. மாத்திரையக் குடு."

சாயங்காலம் கொட்டை எடை போடுகிற களத்துக்குப் போனோம். பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். புஷ்பவல்லி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "வா வா வீரம்மா! சுகரு பொய்யின்னு நிரூபிச்சவளே வா!"

அக்கா நேராகப் போய் நடுவில் நின்றாள். "எனக்கு இருக்கு" என்றாள்.

ஒருத்திக்கும் புரியவில்லை. "எது?"

"சக்கரை. மூணு டெஸ்ட் எடுத்தாச்சு. நெசமாவே இருக்கு."

"அட போ! ஒனக்கும் கைதான் காரணமா இருக்கும்" என்றாள் புஷ்பவல்லி. "நீயே சொல்லிட்டு நீயே மாத்திரை முழுங்குறியாக்கும்? ஒன்ன நம்பி நாங்க எவ்ளோ பேசிட்டோம். அந்த முகாம் டாக்டர் மூஞ்சியில கரியப் பூசிட்டு, இப்ப நீயே போயி..."

"நீ செத்த வாய மூடு" என்றாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. "ஒங்களுக்கு இல்லன்னு காட்டுனாங்க, நம்புனேன். எனக்கு இருக்குன்னு காட்டுறாங்க. அத மட்டும் நம்ப மாட்டேன்னா நான் என்ன ஆளு? அன்னிக்கி ஒரு வார்த்த கேக்காமப் போயி படுத்தேன், என் வயிறு போச்சு. இன்னிக்கி அம்புட்டும் கேட்டேன், அம்புட்டுக்கும் பதில் சொன்னாங்க. இதுக்கு மேலயும் போட மாட்டேன்னா அது புத்தியில்லடி, வீம்பு. வீம்புக்கு என் காலையும் குடுக்கணுமா?"

மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும் என்று டாக்டர் மணிமொழி சொல்லியிருந்தாள். அக்கா தூக்குவாளியைத் திறந்து, எல்லாரும் பார்க்க, நின்றபடியே நாலு வாய் கேப்பைக்களி சாப்பிட்டாள். பிறகு மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு தண்ணீருக்காகக் கையை நீட்டினாள். சிந்தாமணிதான் தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அக்கா முகத்தைச் சுளித்து விழுங்கினாள். மாத்திரையை நிறுத்திய அந்த இரண்டு பெண்களும் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் இரண்டு பேரும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். நான் போர்டை மறைத்திருந்த காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "டாக்டர் சீட்டு எங்க?" என்று கேட்டேன்.